என் மகளுக்காகச் செபித்தவர்கள்

எங்கள் சந்தில் பிள்ளையை அடிக்காத அம்மா யாரும் இல்லை. நானும் அடித்திருக்கிறேன், அதுவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக. காலையில் முன்பள்ளியில் ஊரார் பிள்ளைகளோடு பாட்டும் கதையுமாகச் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொந்தப் பிள்ளைமேல் எரிந்து விழுகிற ஆள் நான். பொறுமை என்று எனக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு அரைநாள் பங்குதான். அது மத்தியானத்தோடு தீர்ந்துவிடும். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் மகளும் மட்டும். அடித்தால் தடுக்கவும் ஆளில்லை, அழுதால் தேற்றவும் ஆளில்லை, எங்கள் இரண்டு பேருக்குமே.

அவள் பதினொரு வயதிலும் படுக்கையை நனைத்தாள். கிழமைக்கு மூன்று நாள், சில கிழமைகளில் ஐந்து நாள். கண்டி மஹய்யாவவில் எங்களுடையதைப் போன்ற வீடுகளில் ஒரு மெத்தையை யாருக்கும் தெரியாமல் காயவைக்க இடம் கிடையாது. முன்னால் எல்லோரும் ஏறி இறங்குகிற படி, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். மழைக் காலத்தில் மூன்று நாளானாலும் பஞ்சுக்குள் ஈரம் போகாது. விடிந்ததும் கைவைத்துப் பார்ப்பேன். ஈரம் பட்டால் அகப்பையை எடுப்பேன். சோம்பல், திமிர், என்னைப் பழிவாங்குகிறாள் என்றெல்லாம் நினைத்தேன். அடி விழும்போது அவள் அழமாட்டாள். இரண்டு கையையும் விரித்து ஈரத்தை மறைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருடம் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. அடிக்காமல், பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்து வளர்ப்பது பற்றி ஒரு பெண் பேசினார். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனியுங்கள், அதன் மனதில் இருப்பதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள், கோபம் வந்தால் அந்த இடத்தைவிட்டு விலகிப் போங்கள், தனியாக முடியாவிட்டால் மற்றப் பெற்றோரிடம் பேசுங்கள் என்றார். பின்வரிசையில் இருந்து நக்கலடித்தவர்களில் நான்தான் முதல் ஆள். "எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் மெத்தைய தூக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன். ஆனால் அவர் கொடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலைந்து தரம் வாசித்தேன். அதில் எழுதியிருந்தவற்றில் ஒன்று மட்டும்தான் எனக்குச் செய்யக்கூடியதாகத் தெரிந்தது. மற்றப் பெற்றோரிடம் பேசுவது.

பேச ஆட்கள் இருந்தார்கள். சந்து பெரிய பாதையோடு சேருகிற இடத்தில், எப்போதோ பூட்டிய கடை ஒன்றின் படியில் நாங்கள் பள்ளிக்கூட வேனுக்காகக் காத்திருப்போம். இரண்டேகாலுக்கு வரவேண்டிய வேன், கண்டி ஊர் நெரிசலில் ஊர்ந்து மூன்று மணிக்கு வரும். அந்த முக்கால் மணி நேரத்தில் ஊர்க்கதை எல்லாம் ஓடும். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர், வீட்டில் பிளவுஸ் தைக்கிறவர். தையலக்கா என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மாதா பக்தி மிகுந்தவர், சத்தமாகச் சிரிப்பவர், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கொத்தமல்லித் தண்ணீரோடு முதலில் போய் நிற்பவர். இன்னொருத்தி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவள். அவள் புருஷனுக்கு மாநகரசபையில் துப்புரவு வேலை. அவளை ஹந்தானைக்காரி என்று சொல்லுவோம். எங்களில் அவள் ஒருத்திதான் இந்து. அதிகம் பேசமாட்டாள், படியின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வேன்.

ஒரு திங்கட்கிழமை நான் அந்தப் படியில் இருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று காலை அடித்ததில் அகப்பையின் காம்பு உடைந்திருந்தது. அதைச் சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. தையலக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "டீச்சர், என் மூத்தவன் ஒம்பது வயசு வரைக்கும் நனைச்சான். நானும் வெளுத்துக்கட்டியிருக்கேன். அடிச்சு நின்ன புள்ள ஒலகத்துல இல்ல" என்றார். ஏமாற்றாமல், பீற்றாமல் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு மூச்சு வந்தது.

அவரே ஒரு வழியும் சொன்னார். கை தூக்கத் தோன்றினால் உடனே அவருக்கு ஃபோன் எடுக்க வேண்டும். நானும் எடுத்தேன். "கை தூக்கிட்டேன்க்கா" என்பேன். "எறக்குங்க. எறக்கியாச்சா? ஒரு கிளாஸ் தண்ணி குடிங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு. தையல் மெஷின் ஓடும் சத்தம் பின்னால் கேட்கும். மெத்தைக்குக் கீழே விரிக்க ரெக்சின் துண்டு ஒன்றை அளவெடுத்து வெட்டி அனுப்பினார். நான்கு மாதத்தில் நான் இரண்டே தரம்தான் அடித்தேன். ஒரு காலை நான் சமைத்துக்கொண்டிருக்க, மகள் தானாகவே குசினிக்கு வந்து, "அம்மா, இன்னைக்கி நனைஞ்சிருச்சி" என்றாள். பயப்படாமல் சொன்னாள். நானும் சரி வா என்று, இரண்டு பேருமாகச் சேர்ந்து படுக்கைச் சீலையை அலசினோம். என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காலைகள் ஒன்றிரண்டுதான். அது அதில் ஒன்று.

இந்த நான்கு மாதமும் படியில் இருந்து என்னென்ன சொன்னேன் என்று மகளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஒக்டோபர் மாதம் எங்கள் சந்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஒரு வீட்டில் செபமாலை. மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளையும் உருட்டத் தொடங்குமுன் யாராவது ஒரு கருத்தைச் சொல்லி ஒப்புக்கொடுப்பார்கள். இன்னாருக்குச் சுகம் கிடைக்க, இன்னார் மகனுக்கு வேலை கிடைக்க என்று. அது யாருடைய மானத்தையும் வாங்குகிற காரியமாக எங்களுக்குத் தெரிவதில்லை. பெயரைச் சொன்னால்தான் மாதாவுக்கு ஆள் விளங்கும் என்பது போலப் பெயரோடுதான் சொல்லுவோம். யார் வீட்டில் குடி, யாருக்குக் கர்ப்பம் தங்கவில்லை எல்லாம் எங்களுக்குத் தெரிந்தது முழங்காலில் நின்று செபிக்கும்போதுதான்.

அன்று தையலக்கா வீட்டு முறை. சின்னக் கூடத்தில் நாற்பது பேர் இருப்போம். பிள்ளைகள் முன்னால் பாயில். வேனில் போகிற பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். மூன்றாவது பத்து மணிகளைத் தொடங்குமுன் தையலக்கா கண்ணை மூடிக்கொண்டு, உருகிப்போய், என் மகளின் பெயரைச் சொன்னார். "இந்தப் புள்ள பதினொரு வயசாகியும் படுக்கைய நனைக்குது தாயே. நீங்கதாம்மா சுகப்படுத்தணும். அவங்கம்மா படுற வேதனைய பாருங்க தாயே." அவருடைய கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பொய்க் கண்ணீர் இல்லை. என் பிள்ளைக்காக என்னைத் தவிர அழுத ஒரே மனுஷி அவர்தான். அதனால்தான் இன்று வரை அவரை வெறுக்கவும் முடியாமல் கிடக்கிறேன்.

பாயில் ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அவனைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். என் மகள் ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். தாளில் படித்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டு மற்றவர்களோடு சேர்ந்து 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். பத்துத் தரமும் சொன்னேன். செபத்தின் நடுவில் எழுந்து போனால் சனம் என்ன நினைக்கும் என்று பயந்தேன். என் மகளின் நனைந்த மெத்தைக்காக நாற்பது வாய் செபித்தது. அதில் என் வாயும் ஒன்று.

வீட்டுக்குப் படியேறும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், "நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

"ஒனக்காகத்தான் சொன்னேன்மா."

நான் தாளில் இருந்தபடியே முழங்காலில் குனிந்து, அவள் கண்ணுக்கு நேராக வந்து, "ஒனக்கு வெக்கமா இருக்குல்ல? கோவமா இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"அதையும் போய் அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

பாவசங்கீர்த்தனத்தில் நம்முடைய பாவத்தைத்தான் சொல்ல வேண்டும், பிறருடையதைச் சொல்லக்கூடாது என்று சின்ன வயதில் எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள். படியில் இருந்து நான் என் பாவத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அடித்தது என் பாவம், சரி. நனைத்தது என்னுடைய கதை இல்லையே. அது அவளுடையது. எனக்கு ஆறுதல் கிடைப்பதற்காக அவளுடைய கதையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று கிழமையில் நனைப்பது நின்றது. தையலக்கா சந்து முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நன்றிப் பூசைக்குக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்து, சிறுநீர் போகும்போது எரிகிறது என்று துடித்தாள். டாக்டர், பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு நான் நிரப்பிக் கொடுத்த போத்தல் தினம் காலியாகத்தான் வந்தது. குடிக்காமல் கொட்டியிருக்கிறாள். விடிந்ததிலிருந்து ஒரு பிளேன் டீயோடு நாளைக் கடத்தியிருக்கிறாள். உதடு வெடித்திருந்ததை நான் குளிரால் என்று நினைத்தேன். மாதா செய்த அற்புதம் அதுதான். தையலக்காவிடம் அதை நான் சொல்லவில்லை. அவள் கதையைச் சொல்லாமல் விட்ட முதல் தடவை அது, ஆனால் அது அவளுக்குத் தெரிய வழியில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் நல்ல பிள்ளையாக நடந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கோப்பை கழுவினாள், படித்தாள், அப்பாவோடு வீடியோவில் சிரித்துப் பேசினாள். ஆனால் அவளுடையது என்று ஒன்றையும் என்னிடம் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால், "ஒண்ணுமில்ல". ஏன் முகம் வாடியிருக்கிறது என்றால், "ஒண்ணுமில்ல". மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளின் எதிர்ப்பேச்சைப் பற்றிப் புலம்பும்போது, ஒரு தொல்லையும் இல்லாத பிள்ளை கிடைத்திருக்கிறது உங்களுக்கு என்று என்னிடம் சொன்னார்கள்.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. சந்தில் ஒரு பிள்ளை பெரியவளானதற்கு மண்டபம் பிடித்திருப்பதைப் பற்றி ஒரு நாள் படியில் பேச்சு வந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாகச் சேலை, கேக், வீடியோக்காரன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. பட்டும் புத்தி வரவில்லை என்பதற்கு என்னைவிட வேறு ஆள் தேட வேண்டாம்.

"எங்க புள்ளைக்கி பதிமூணு முடியப்போகுது. இன்னும் ஒண்ணையும் காணோம். டாக்டர்ட்ட கொண்டுபோய் காட்டலாம்னு யோசிக்கிறேன்" என்றேன்.

தையலக்கா என் பக்கம் திரும்பி, "அதுக்கென்ன டீச்சர், வார செபக் கூட்டத்துல ஒரு கருத்து…" என்று தொடங்கினார்.

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையலக்கா திகைத்துப்போய் வாயை மூடிக்கொண்டார். ஹந்தானைக்காரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் முன்பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஹந்தானைக்காரி வாசலில் நின்றாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அக்கா, புள்ளய டாக்டர்ட்ட கொண்டுபோக வேணாம்" என்றாள். "அவ பெரியவளாகி ஏழு மாசமாச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரைச் சொல்கிறாள் என்றே கேட்டேன்.

"நீங்க அன்னைக்கி கூட்டம்னு சொல்லி வேனுக்கு வரல. நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். எங்க வீட்டு பைப்படிக்கு நேரா ஓடிருச்சு. கவுனெல்லாம் கறை. அம்மாவ கூப்புடுறேன்னு சொன்னேன்க்கா. கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. அம்மாகிட்ட சொன்னா மாதாகிட்ட போயிரும், அப்பறம் எல்லார்கிட்டயும் போயிரும், சொல்லாதீங்க ஆன்டினு சத்தியம் வாங்கிக்கிச்சு."

சீலையை மோந்து பார்த்தே வாழ்ந்த பொம்பிளை நான். ஏழு மாதமாக என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால், ஒரு துணியும் எனக்குத் தெரியாமல் அவள் துவைத்து எடுத்திருக்கிறாள்.

"ஒண்ணுமே செய்யாம அனுப்ப மனசு வரலக்கா" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "மஞ்சத்தண்ணி ஒரு சொம்பு தலையில ஊத்துனேன். அதுக்கு எனக்கு ஒரு மொறையும் இல்ல. மன்னிச்சிக்கங்க."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "ஏழு மாசம் என் மூஞ்சிய பாத்து பேசிக்கிட்டு இருந்தீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். கையும் தூக்கியிருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"புள்ள சொல்ல வேணாம்னுச்சு" என்றாள். "டாக்டர்னு நீங்க சொன்னதுனாலதான் இப்ப வந்தேன். அங்க கொண்டுபோனா புள்ள பயந்துரும்."

அவ்வளவு எளிதாக அவள் சொன்னாள். பிள்ளை சொல்ல வேண்டாம் என்றது, அதனால் சொல்லவில்லை. தாளும் கருத்தரங்கும் இல்லாமல் அவளுக்குத் தெரிந்திருந்த ஒன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் போனபின் நான் மகளின் கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளை பெற்ற அன்றுகூட அழாத அழுகை அழுதேன். முதல் தண்ணீர் ஊற்றவும், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கவும், பயப்படாதே என்று சொல்லவும் ஒரு அம்மாவுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த நாளில் நான் ஊரார் பிள்ளைகளைப் பற்றிய கூட்டத்தில் இருந்தேன். ஆனால் வீட்டிலேயே இருந்திருந்தாலும் அவள் என்னிடம் வந்திருக்கமாட்டாள். அதுதான் என்னைச் சாகடித்தது.

எனக்குத் தெரியும் என்று மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம், அவளுக்கு மாதவிலக்கு வரும் நாளை ஹந்தானைக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உளுந்து வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டினேன். தூக்குச் சட்டியில் போட்டு ஹந்தானைக்காரியிடம் கொடுத்தேன். அவள் செய்ததாகச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். ஒரு அம்மா தன் பிள்ளைக்குத் திருட்டுத்தனமாகச் சோறு போடுவது மாதிரி.

மறுநாள் சட்டியைக் கழுவிக் கொண்டுவந்தாள். அவள் முகம் சரியில்லை.

"தின்னுச்சா?" என்றேன்.

"ரெண்டு வாய். அப்பறம் என் மூஞ்சிய பாத்துச்சு. ஆன்டி, நீங்க யார்கிட்டயும் சொல்லலதானேனு கேட்டுச்சு." அவள் சட்டியை மேசையில் வைத்தாள். "இல்லனு சொல்லிட்டேன்க்கா. அந்தப் புள்ளைகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல."

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. என் மகளுக்கு இந்த உலகத்தில் மூடிய கதவு ஒன்று இருந்தது, அது அந்த வீடு. படியில் இருந்து நான் வாயைத் திறந்ததால்தான் ஹந்தானைக்காரி சத்தியத்தை முறித்தாள். என்னிடமிருந்து தப்பி மகள் ஓடிப்போய் ஒளிந்த இடத்தையும் நான் கெடுத்துவிட்டேன். அவளுக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்தால் அந்த ஆன்டியும் போய்விடுவாள், அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் இல்லை.

அதனால் நான் களி கிண்டுவதை விட்டேன். நாள் கேட்பதை விட்டேன். இனி அவளுக்காக என்னால் செய்யக்கூடியது, ஒன்றும் தெரியாத அம்மாவாக இருப்பது மட்டும்தான். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேனா என்று கேட்கவும் எனக்கு ஆளில்லை.

போன கிழமை வேனுக்காக நின்றபோது தையலக்கா என் பக்கத்தில் நெருங்கி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "புள்ளைக்கி ஏதாச்சும்…?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.

என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "ஒண்ணும் யோசிக்காதீங்க டீச்சர். புள்ளைக்கி நாங்க எல்லாரும் இருக்கோம்ல."

வேன் வந்தது. என் மகள் இறங்கினாள். தையலக்காவுக்கும் எனக்கும் ஒரே மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, படியேறி முன்னால் நடந்தாள்.